சத்தம் நின்றால் வரவும்

என் பைக் இஞ்சினில் டாப்பெட் (வால்வுகளைத் தட்டித் திறக்கும் பாகம்) போடும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நானேதான் கேட்டேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எல்லாத் தப்பையும் மெக்கானிக்குகள் தலையில் கட்டிவிட்டு ஏழு மாதம் புலம்பித் திரிந்தவன் நான்.

வண்டி 150 சிசி. ஒற்றை சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்ப்பரேட்டர் வைத்த பழைய மாடல். வாங்கி 13 வருஷம், ஓடியது 84,000 கி.மீ. சைடு பாக்ஸில் ஒரு குட்டி நோட்டு எப்போதும் இருக்கும். பெட்ரோல் போடும்போதெல்லாம் தேதி, லிட்டர், மீட்டரில் என்ன ஓடியிருக்கிறது என்று எழுதிவிடுவேன். ஏதாவது வேலை பார்த்தால் அதுவும் ஒரு வரி. கூட வருபவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், கணக்கு வேலை பார்ப்பவனுக்கு வேறென்ன வரும்?

போன வருஷக் கடைசியில் வண்டி ஸ்லோ ஸ்பீடில் நிற்கும்போது மேலே 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். புதுசாக வந்ததா, ரொம்ப நாளாக இருந்து இப்போதுதான் காதில் விழுந்ததா தெரியவில்லை. ஒரு தடவை கேட்டுவிட்டால் பிறகு அது மட்டும்தான் கேட்கும். போகிற வழியில் ஒரு மெக்கானிக்கிடம் நிறுத்தி, "இந்தச் சத்தம் மட்டும் போகணும்" என்றேன். இஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. பத்தே நிமிஷம். மூடியைக் கழற்றினார், ஸ்குரூவைத் திருகினார், மூடினார். ஸ்டார்ட் செய்தால் சத்தமே இல்லை. "தையல் மெஷின் மாதிரி ஆயிடுச்சு பாருங்க சார்" என்றார். எனக்குப் பரம சந்தோஷம். கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. முதலில், வண்டி சூடாக இருக்கும்போது அணைத்தால் மறுபடி கிளம்ப அடம். கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் தொப்பென்று கீழே போகும். காலையில் குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காகக் கிளம்பிவிடும். இரண்டு மாதம் கழித்து ஸ்லோ ஸ்பீடு நிலையில்லாமல் ஆடத் தொடங்கியது. தானாக ஏறும், இறங்கும், சிக்னலில் அணைந்து மானத்தை வாங்கும். ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சருக்குள் 'பட் பட்' என்று வெடிப்பு. நோட்டைப் பார்த்தால் லிட்டருக்கு 48 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 39க்கு வந்திருந்தது.

இரண்டாவது மெக்கானிக் கார்ப்பரேட்டரில் ஒரு ஸ்குரூவைத் திருகி, ஸ்லோ ஸ்பீடை ஏற்றிவிட்டு, காசே வேண்டாம் என்றார். மூன்றாமவர் கார்ப்பரேட்டர் போய்விட்டது, செயின் ஸ்பிராக்கெட்டும் சேர்த்து மாற்றிவிடலாம் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார். பிளக் மட்டும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்தப் பட்டியலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் நாலாவது மெக்கானிக்கான இவரிடம் போனேன். அலுவலகத்து நண்பர் ஒருவர் அனுப்பினார். "வேலை சுத்தம். ஆனா அவசரம்னு சொல்லிடாத, திருப்பி அனுப்பிடுவாரு" என்பது முன்னெச்சரிக்கை.

சாயங்காலம் ஐந்தரை மணி. அறுபதை நெருங்கும் மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. பட்டியலை நீட்டினேன். வாங்கவில்லை. புறங்கையை சிலிண்டர் தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தொடவில்லை. "சூடா இருக்கே. இன்னிக்கு ஒண்ணும் திறக்க முடியாது. முதல்ல சொல்லுங்க, குளிர்ந்திருக்கும்போது எப்படி, சூடானதும் எப்படி?"

அந்தக் கேள்வியை அதுவரை யாருமே என்னிடம் கேட்கவில்லை. சொன்னேன். நோட்டையும் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பின்னோக்கிப் போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. 'டாப்பெட் சத்தம் சரி செய்தது' என்று நான் எழுதிய வரி. அதற்கு மேலே 48, 47, 48. கீழே 46, 44, 43. ஒன்றும் சொல்லாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"வண்டியை எடுங்க, நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

மெக்கானிக் ஓட்டிப் பார்ப்பது தெரியும். வண்டிக்காரனை ஓட்டவைத்துப் பின்னால் உட்கார்ந்து கேட்பதை அன்றுதான் பார்த்தேன். இரண்டு கி.மீ. போயிருப்போம். தோளில் தட்டினார். "முப்பதுலயே நாலாவது கியர் போடறீங்க. மேடு வந்தும் கியரைக் குறைக்க மாட்டேங்கறீங்க. அது மூச்சு வாங்குது, கேக்குதா?" கேட்டது, சொன்ன பிறகு. மைலேஜ் வரும் என்று நினைத்து நான் வருஷக்கணக்காகச் செய்துவந்த காரியம் அது.

திரும்பி வந்ததும், "விட்டுட்டுப் போங்க. காலைல ஏழு மணிக்கு வாங்க, கூட இருந்து பாருங்க" என்றார். கூட இருந்து பார்க்கச் சொல்கிற மெக்கானிக்கும் எனக்கு இதுதான் முதல் தடவை.

காலையில் நான் போனபோது டேங்க்கைக் கழற்றிவிட்டிருந்தார்கள். உதவிக்கு ஒரு பையன், பதினெட்டு பத்தொன்பது வயசிருக்கும். அவர் கார்ப்பரேட்டரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை பேர் கை வெச்சாங்க?" என்று நிமிராமலே கேட்டார். மூன்று என்றேன். "நாலு இருக்கும்" என்று கார்ப்பரேட்டர் அடியில் இருக்கும் கிண்ணத்தின் ஸ்குரூத் தலையைக் காட்டினார். சிலுவைப் பள்ளம் தேய்ந்து வட்டக் குழியாகியிருந்தது. ஜப்பான் முறையில் செய்த கார்ப்பரேட்டர்களில் வரும் இந்த ஸ்குரூ, பார்வைக்கு நம் சாதாரண பிலிப்ஸ் ஸ்குரூ மாதிரியேதான் இருக்கும். ஆனால் பள்ளத்தின் அமைப்பு வேறு. பிலிப்ஸ் திருப்புளியின் முனை அதில் முழுசாக உட்காராது, அழுத்தித் திருகினால் எகிறி விளிம்பைத் தின்றுவிடும். அவர் டிராயரில் அதற்கென்றே தனித் திருப்புளிகள் துணியில் சுற்றி இருந்தன. பையன் அதை எடுக்கும்போது மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தான்.

கார்ப்பரேட்டரை அத்தோடு விட்டுவிட்டார். "அது கடைசி. மத்தது சரியா இல்லாம அதுல கை வெச்சா, ஒரு தப்பை இன்னொரு தப்பு வெச்சு மூடற கதைதான்." ஏர் ஃபில்டரைப் பார்த்தார், தட்டி வைத்தார். பிளக்கைக் கழற்றினார். கருப்பாகப் புகை படிந்திருந்தது. அப்புறம் டாப்பெட் மூடிகள்.

இனி வருவது இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடது பக்கக் கவரில் இரண்டு மூடிகள் உண்டு. ஒன்றைத் திறந்தால் இஞ்சினோடு சுற்றும் மேக்னெட்டைத் திருப்பும் நட், இன்னொன்றைத் திறந்தால் ஒரு சின்னச் சன்னல். நட்டில் ஸ்பேனரைப் போட்டு மெதுவாகத் திருப்பினால் 'டி' என்ற குறி சன்னலுக்கு நேராக வரும். பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பையன் குறியை நேராக்கி, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜை எடுத்தான். "நில்லு" என்றார் அவர். "டி மார்க் ரெண்டு தடவை வரும். இது எந்த டி?"

பையன் முழித்தான், நானும்தான். நிக்கோலாஸ் ஓட்டோ என்ற ஜெர்மன்காரர் 1876ல் ஓட்டிக் காட்டிய நான்கு வீச்சு முறைதான் இன்றைக்கும் நம் இஞ்சினில் நடக்கிறது. இழு, அழுத்து, வெடி, தள்ளு. இந்த நான்கும் முடிய, பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். ஆக பிஸ்டன் உச்சிக்கு வருவது இரண்டு தடவை. அழுத்தி முடித்த உச்சியில், கலவையை உள்ளே விடும் இன்டேக், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் என்ற இரண்டு வால்வும் மூடியிருக்கும். புகையைத் தள்ளி முடித்த உச்சியில் எக்ஸாஸ்ட் இன்னும் மூடவில்லை, இன்டேக் திறக்கத் தொடங்கிவிட்டது. அங்கே வைத்து இடைவெளி பார்த்தால் எல்லாமே தப்பு. பையன் வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கரை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை. இன்னொரு சுற்று. இப்போது இன்டேக் பக்கத்து ராக்கர் லேசாக மேலும் கீழும் ஆடியது. எக்ஸாஸ்ட் பக்கம் அப்போதும் ஆடவில்லை.

"இப்பவும் தப்பான டி யா அண்ணே?" என்று கேட்டேன்.

"இல்ல. இதான் சரியான டி. அது ஆடலைன்னா, ஆட இடமே இல்லைன்னு அர்த்தம்."

என் வண்டிக்கு இன்டேக் 0.05 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.10 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும், இஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது. 0.10 என்பது நாம் எழுதும் தாள் ஒன்றின் கனம். அவரிடம் இருந்ததிலேயே மெல்லிய தகடு 0.05. அது எக்ஸாஸ்டுக்குள் நுழையவே இல்லை. குளிர்ந்த இஞ்சினிலேயே இந்த நிலைமை. சூடானால் வால்வுத் தண்டு இன்னும் நீளும். அப்போது ராக்கர் வால்வை முழுசாக மூடவிடாமல் மிதித்துக்கொண்டே இருக்கும். கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் உள்ளே கொடுக்கும் அழுத்தம், அந்தச் சந்து வழியாகப் போய்விடும். கிக்கர் தொப்பென்று இறங்கியதற்குக் காரணம் அதுதான்.

அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை இறக்கி வைப்பது, மூடி, சீட்டு என்கிற தன் வளையத்தில் உட்காரும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். 4,000 ஆர்.பி.எம்.மில் நிமிஷத்துக்கு 2,000 தடவை திறந்து மூடுகிற சாமான் அது. ஒவ்வொரு தடவையும் உட்கார இடம் கொடுக்காவிட்டால் விளிம்பு கருகும். ஏழு மாதமாக நான் அதை நிற்கவைத்தே வேலை வாங்கியிருக்கிறேன், சத்தம் பிடிக்கவில்லை என்பதற்காக.

லாக் நட்டைத் தளர்த்தி, 0.10 தகட்டை வைத்து, ஸ்குரூவை விரலால் இறக்கி, நட்டை இறுக்கினார். தகட்டை என்னிடம் கொடுத்து, "இழுத்துப் பாருங்க" என்றார். தடித்த புத்தகத்துக்கு அடியில் மாட்டிய தாளை உருவுவது போல, வரவும் செய்தது, பிடிக்கவும் செய்தது. சரி என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் வாங்கி ஒரு தடவை இழுத்துவிட்டு நட்டை மறுபடி தளர்த்தினார். இறுக்கும்போது ஸ்குரூவும் கூடவே ஒரு மயிரிழை திரும்பிவிடுமாம், அதனால் இறுக்கிய பிறகு பார்ப்பதுதான் கணக்காம். மூன்றாம் தடவைதான் விட்டார். அப்புறம் கிராங்க்கை முழுசாக இரண்டு சுற்று சுற்றி, அதே குறிக்குக் கொண்டுவந்து, நான்காம் தடவையாகத் தகட்டை நுழைத்துப் பார்த்தார். பத்து நிமிஷத்தில் முடிந்த அந்தப் பழைய வேலையை நினைத்துக்கொண்டேன்.

ஸ்டார்ட் செய்தார்கள். மேலே 'டிக் டிக்' திரும்பி வந்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. "இந்தச் சத்தத்தைக் கொஞ்சமா குறைக்க முடியாதா அண்ணே?" என்று வாய் வந்துவிட்டது. அதுவரை சார், வாங்க, போங்க என்று பேசிக்கொண்டிருந்தவர் முதன்முறையாக, "தம்பி, சத்தம் போடற டாப்பெட் உங்களை ஒண்ணும் பண்ணாது. சத்தமே போடாததுதான் வேலையைக் காட்டும்" என்றார். அதற்கப்புறம் கடைசி வரை தம்பிதான்.

கம்ப்ரஷன் ஒருவாறு வந்துவிட்டது, ஆனால் ஸ்லோ ஸ்பீடு இன்னும் ஆடியது. கார்ப்பரேட்டரையும் சிலிண்டர் தலையையும் சேர்க்கும் ரப்பர் குழாயைச் சுற்றி, சைலன்சர் பக்கம் தெறிக்காமல், கிளீனர் ஸ்பிரேயைத் துளித் துளியாக அடித்தார். மேலே அடித்தபோது ஒன்றுமில்லை. பக்கவாட்டிலும் ஒன்றுமில்லை. அடிப்பக்கம் அடித்ததும் இஞ்சின் சத்தம் சட்டென்று மாறியது. இஞ்சினை அணைத்து ரப்பரைக் கழற்றி மடக்கினார். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத வெடிப்பு, மடக்கியதும் வாயைப் பிளந்தது. அந்த வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று எடையில் 14.7 பங்கு என்பது கணக்கு. காற்று கூடினால் எரியாமல் தப்பிய கலவை சூடான சைலன்சருக்குள் போய் வெடிக்கும். என் 'பட் பட்' அங்கிருந்து வந்ததுதான்.

கார்ப்பரேட்டருக்கு அப்போதுதான் முறை வந்தது. ஸ்லோ ஸ்பீடுக் கலவை ஸ்குரூவை உள்ளே திருகிக்கொண்டே வாய்விட்டு எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, மூணே முக்கால். அங்கே போய் முட்டியது. கம்பெனி வைப்பது ஏறக்குறைய இரண்டு சுற்று. இந்த ஸ்குரூ இஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோலை அளக்கும், வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றை அளக்கும், வெளியே திருகினால் காற்று கூடும். இரண்டும் நேர்மாறு. எது எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் 'ஒன்றரைச் சுற்று திருகுங்கள்' என்று ஊருக்கெல்லாம் அறிவுரை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போது எரிச்சல் வருகிறது. என்னுடையது பெட்ரோல் ஸ்குரூ. ரப்பர் வழியாக ஓட்டைக் காற்று போனதால் ஸ்லோ ஸ்பீடு நிற்கவில்லை. அதை மறைக்க யாரோ பெட்ரோலை ஏற்றிவிட்டிருக்கிறார். அதனால் பிளக்கில் கரி, நோட்டில் 39.

கிண்ணத்தைத் திறந்து, ஸ்லோ ஸ்பீடுக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஊசி முனை அளவு துளை. கம்பி விட்டுக் குத்தவில்லை, கிளீனர் அடித்துக் காற்றுதான் அடித்தார். குத்தினால் பித்தளைத் துளை பெரிதாகிவிடுமாம். 1893ல் வில்ஹெல்ம் மேபாக் செய்த ஸ்பிரே கார்ப்பரேட்டரிலும் அடிப்படை இதுதான்: வேகமாகப் போகிற காற்று தன் பின்னால் ஒரு துளையிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தூவிக்கொண்டு போகும். துளையின் அளவுதான் அதில் எல்லாமே. அதைப் போய் கம்பியால் நோண்டலாமா?

புது ரப்பர் போட்டு, ஸ்குரூவை இரண்டு சுற்றில் வைத்து, என்னைப் பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். கலவை பார்ப்பது மட்டும் இஞ்சின் சூடான பிறகு. வந்ததும் கால் சுற்று அப்படி, கால் சுற்று இப்படி. எங்கே இஞ்சின் தானாகவே வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்தினார். அப்புறம் வேகத்தை வைக்கும் ஸ்டாப் ஸ்குரூவில் 1,400 ஆர்.பி.எம்.முக்கு இறக்கினார். சிக்னலில் நிற்கிற மாதிரி ஐந்து நிமிஷம் அப்படியே விட்டு வைத்தார். ஆடவில்லை, அணையவில்லை.

நான் வாங்கி வந்த புது பிளக்கை நீட்டினேன். "வெச்சுக்கோங்க, வழியில ஒதவும்" என்று பழையதையே துடைத்து 0.7 மி.மீ.க்கு இடைவெளி வைத்து மாட்டினார். செயினைச் சக்கரத்தோடு சுற்றிச் சுற்றிப் பார்த்தார், இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே தொய்வை வைத்தார். ஸ்பிராக்கெட் பல் இன்னும் ஒரு வருஷம் வருமாம். ஆக மொத்தம் மாற்றியது ஒரு ரப்பர், மூடிகளுக்கு இரண்டு ஓ ரிங். பழைய ரப்பரை ஒரு காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டார்.

கூலி மட்டும் குறைவில்லை. மற்ற மூன்று பேரிடமும் சேர்த்து நான் கொடுத்ததைவிட அதிகம். கொஞ்சம் தயங்கினேன் போலிருக்கிறது. "மூணரை மணி நேரம் ஆயிருக்கு தம்பி" என்றார், அவ்வளவுதான். நியாயமான மெக்கானிக் என்றால் சல்லிசாகச் செய்து கொடுப்பவர் என்று நானும் எல்லோரையும் போல நினைத்துக்கொண்டிருந்தேன். காசே வேண்டாம் என்று ஸ்குரூவைத் திருகிவிட்டவராலும்தானே இவ்வளவு அலைந்தேன்.

கிளம்பும்போது அவரே ஒன்று சொன்னார், நான் கேட்கவில்லை. "எக்ஸாஸ்ட் வால்வு கருகியிருக்கலாம். சூட்டுல கம்ப்ரஷன் 9 காட்டுது. இருக்க வேண்டியது இன்னும் மேல. இப்ப சிலிண்டர் ஹெட்டைத் திறக்கச் சொன்னா நீங்களும் சரின்னுதான் சொல்வீங்க. ஆனா தேவையான்னு எனக்கே இன்னும் தெரியல. ஆயிரம் கி.மீ. ஓட்டிட்டு வாங்க, பாப்போம்." என் நோட்டை வாங்கி, காதில் செருகியிருந்த பென்சிலால் எழுதினார். தேதி, மீட்டர், இன் 0.05, எக் 0.10, 2 சுத்து. அதற்குக் கீழே இன்னொரு வரி: சத்தம் நின்றால் வரவும்.

போன வாரம் ஆயிரம் முடிந்தது. லிட்டருக்கு 47. சூட்டில் ஒரே மிதியில் கிளம்புகிறது. முந்தின இரவே வண்டியைக் கொண்டுபோய் விட்டு, காலையில் திறந்தார்கள். இந்தத் தடவை பையன் ராக்கரை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் தகட்டையே எடுத்தான். எக்ஸாஸ்டில் 0.10 நுழையவில்லை. 0.08 நுழைந்தது.

அவர் முகம் கொஞ்சம் மாறியது. சீட்டு தேய்ந்தால் வால்வு உள்ளே அமிழும், தண்டு மேலே எழும்பும், இடைவெளி குறையும். தேய்மானம் சத்தத்தைக் கூட்டும் என்றுதான் நாம் நினைப்போம். இந்த இடத்தில் அது சத்தத்தைத் தின்கிறது. மறுபடி 0.10க்கு வைத்தார். "இன்னொரு ஆயிரம். அதே இடத்துல நின்னா ஹெட்டைத் தொட வேண்டாம். மறுபடி குறைஞ்சா திறந்துதான் ஆகணும், சும்மா சமாதானம் சொல்ல மாட்டேன்."

அதிலிருந்து சிக்னலில் நிற்கும்போதெல்லாம் தலையைக் குனிந்து டேங்க் பக்கம் காதைக் கொடுக்கிறேன். பக்கத்து வண்டிக்காரர்கள் பார்க்கிறார்கள். நேற்று ஒருவர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "சார், டாப்பெட் சத்தம் வருது பாருங்க" என்றார். தெரியும் என்று சொன்னேன், நன்றியும் சொன்னேன்.

இன்று காலைக் கணக்கு 212 கி.மீ. சத்தம் இருக்கிறது.